பெட்டி வாங்குமுன் கூடத்தை அளந்து பாருங்கள்

உங்கள் வீட்டில் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் பேச்சு எழுந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே நடக்கும் வாதத்தை ஊகிப்பது கடினமில்லை. அப்பா 32 அங்குலம் போதும் என்பார். மாமா 43 என்பார். எதிர்வீட்டில் 55 மாட்டியிருக்கிறார்கள் என்ற செய்தியும் எப்படியாவது வந்து சேரும். எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி., 4 கே என்று கடைக்காரர் மூன்று பெயர்களைச் சொல்வார். பெயர் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அன்றிலிருந்து பெரிய பெட்டியின் மீது ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

இந்த வாதத்தில் உங்களைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிப்பவர் நீங்கள். பாகை, கோணம், வகுத்தல் எல்லாம் உங்களுக்குத்தான் நினைவில் இருக்கும். ஒரு அளவு நாடாவும் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தால் கடைக்குப் போகுமுன்பே முக்கால்வாசி விடையை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் கூடங்களில், நம் ஊர்களுக்கு இன்று வந்து சேரும் ஒளிபரப்பைப் பார்ப்பதற்கு 4 கே என்ற எழுத்துக்காக அதிகப் பணம் கொடுப்பது வீண். அந்தப் பணத்தை வேறு குணங்களுக்குக் கொடுக்கலாம், அல்லது கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்வதற்குக் காரணங்களைக் காண்போம்.

"உயர் தெளிவு" என்ற சொல் புதியதன்று. லண்டனில் பி.பி.சி. நிறுவனம் 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோதே அதனை உயர் தெளிவு ஒளிபரப்பு என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதற்கு முன் ஜான் பெயர்டு காட்டிய படங்களில் 30 வரிகளே இருந்தன. 1936இல் இரண்டு முறைகள் போட்டியிட்டன. பெயர்டின் முறையில் 240 வரிகள், மார்க்கோனி-இ.எம்.ஐ. முறையில் 405 வரிகள். 30 வரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 405 வரி உயர் தெளிவாகத்தானே தோன்றும்! நம் நாட்டில் தில்லியில் 1959இலும் சென்னையில் 1975இலும் தொடங்கிய ஒளிபரப்பு 625 வரி கொண்டது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் முடிந்ததும் ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனத்தார் புதிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார்கள். திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தாலும் வரிகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. இன்றைய எச்.டி.யின் மூலம் அதுதான். அவர்கள் தூரத்தையும் கண்ணையும் சேர்த்தே பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றைய கடை விளம்பரத்தில் தூரம் காணாமற் போய்விட்டது. புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் புள்ளிகள் யாவை? இன்றைய தட்டைத் திரை சிறுசிறு படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள் உண்டு. ஃபுல் எச்.டி. திரையில் கிடைமட்டமாக 1920, செங்குத்தாக 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். 4 கே திரையில் 3840, 2160. பெருக்கினால் 82,94,400. நம் வீடுகளுக்குச் சாதாரணத் தரத்தில் வரும் ஒளிபரப்பு 720, 576 என்ற அளவு கொண்டது. அதன் பெருக்கற்பலன் 4,14,720. இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதி வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 1 : 5 : 20 என்று வரும்.

அதாவது, சாதாரண அலைவரிசை ஒன்றை 4 கே பெட்டியில் பார்க்கும்போது திரையில் உள்ள ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒரே ஒரு புள்ளியின் செய்திதான் வானிலிருந்து வருகிறது. மீதி 19 புள்ளிகளைப் பெட்டியே பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஒரு படிப் பாலில் பத்தொன்பது படித் தண்ணீர் ஊற்றிய கதைதான். உவமை சற்றுக் கடுமையானது. நல்ல பெட்டிகள் சாமர்த்தியமாகவே ஊகிக்கின்றன. ஆனால் படம்பிடித்த கேமராவிலிருந்து நமக்கு வராத ஒரு புருவ மயிரை எந்தப் பெட்டியும் உண்மையில் மீட்டுத் தந்துவிட முடியாது.

இனிக் கண்ணுக்கு வருவோம். கண் மருத்துவரிடம் சென்றால் 6 மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த முறை அது. அதில் 6/6 என்ற வரியைப் படித்துவிட்டால் பார்வை சரியாக உள்ளது என்கிறார்கள். அந்த வரியில் எழுத்தின் ஒவ்வொரு கோடும் நம் கண்ணில் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கோணத்தை உண்டாக்குகிறது. இதனைக் கணிதத்தில் ஒரு கலை என்பர். இதைவிடச் சிறிய இடைவெளியில் இரண்டு கோடுகள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு அவை ஒன்றாகவே தோன்றும். விழித்திரையில் உள்ள கூம்புச் செல்களின் நெருக்கமும் விழிவில்லையின் குணமும் இந்த எல்லையை வகுக்கின்றன. இதற்குக் கண்ணின் பகுதிறன் என்று பெயர்.

ஒரு கலை என்பதை மில்லிமீட்டரில் சொன்னால் எளிது. நீங்கள் உட்காரும் தூரத்தின் ஒவ்வொரு அடிக்கும் 0.09 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தூரத்தில் 0.9 மி.மீ. அதைவிடச் சிறிய புள்ளிகள் பத்தடியில் தனித்தனியாகத் தெரியா.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் கூரிய பேனாவால் 1 மி.மீ. அகலமுள்ள கருங்கோடுகளை 1 மி.மீ. இடைவெளி விட்டு ஏழெட்டு வரையுங்கள். நல்ல வெளிச்சம் படும் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் செல்லுங்கள். ஓரிடத்தில் கோடுகள் மறைந்து ஒரே சாம்பல் நிறப் பட்டையாகிவிடும். கணக்குப்படி அது பதினோரடிக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிகழ வேண்டும். உங்கள் வயதில் பலருக்குப் பார்வை 6/6ஐ விடக் கூர்மையாக இருக்கும். ஆதலால் நீங்கள் பதினைந்தடி வரை கூடப் போகலாம். தாத்தா ஏழடியிலேயே நின்றுவிடலாம். கண்ணாடி போடாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி மூன்றடியில் நின்றுவிட்டால் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அவனுக்குக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று பொருள்!

அடுத்து, திரையின் புள்ளி எவ்வளவு பெரியது? கடையில் சொல்லும் அங்குலம் மூலைவிட்டத்தின் நீளம். அதனை 22 ஆல் பெருக்கினால் திரையின் அகலம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 43 அங்குலப் பெட்டியின் அகலம் 946 மி.மீ. அதை 1920 ஆல் வகுத்தால் ஃபுல் எச்.டி. புள்ளியின் அகலம் 0.49 மி.மீ. பத்தடியில் கண்ணின் எல்லை 0.9. ஆகவே ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே அங்கிருந்து கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. 4 கே திரையில் அந்தப் புள்ளி 0.25 மி.மீ. ஆகிறது. தெரியாத புள்ளியை நான்காக வெட்டி என்ன பயன்? 55 அங்குலத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்.டி. புள்ளி 0.63 மி.மீ. அதுவும் 0.9க்குள் அடங்கிவிடுகிறது. 55 அங்குலத்தில் 4 கே தரும் நுணுக்கத்தைச் சாதாரணக் கண் உணரவேண்டுமானால் ஏழடிக்குள் உட்கார வேண்டும். 43 அங்குலமானால் ஐந்தரை அடிக்குள்.

இப்போது கச்சிராயபாளையத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையின் கிழக்கடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே உள்ள ஊர் அது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுப்புறத்தில் பலர் அறிவார்கள். கரும்புப் பணமோ மரவள்ளிப் பணமோ கைக்கு வந்ததும் பெட்டி வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறும் குடும்பம். கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு சுவரில் பெட்டி, எதிர்ச் சுவரோரம் இரண்டு நாற்காலி, நடுவில் பாய். ஒன்பதடி, பத்தடி தூரத்திலிருந்துதான் பெரும்பாலோர் பார்ப்பார்கள்.

அந்த வீட்டுக்குப் படம் எந்த வழியாக வருகிறது? பழைய நாளில் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் வரும் அலையை மொட்டைமாடி ஆன்டெனா பிடிக்க வேண்டியிருந்தது. நூறு மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து பூமியின் வளைவு மறைக்காமல் எட்டும் தூரம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர்தான். நடுவில் மலை நின்றால் அதுவும் இல்லை. அந்த அனலாக் தரைவழி நிலையங்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷன் 2022க்குள் மூடிவிட்டது. இப்போது கேபிள், அல்லது மாடியில் டிஷ். மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. இன்று அது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கணக்கிட்டால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. மலையோ மேற்கே. "மலையடியில் இருக்கிறோம், அதனால்தான் படம் சரியில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஷ்ஷை முருங்கைக் கிளை மறைக்கலாம், கல்வராயன் மறைப்பதில்லை.

மழை வேறு விஷயம். இந்த அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழைத் துளிகள் இவற்றை விழுங்கியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. அதனால்தான் ஐப்பசி மழையில் படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்து நிற்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, கம்பியின் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் ஓரளவு பயன் உண்டு.

வானிலிருந்து வரும் அந்தச் சைகையின் தரம்தான் நம் கதையில் முக்கியம். ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலான அலைவரிசைகள் சாதாரணத் தரத்தில் வருபவை. கேபிளிலும் கட்டண டிஷ்ஷிலும் சாதாரணப் பெட்டி, எச்.டி. பெட்டி என இருவகை உண்டு. எச்.டி. அலைவரிசைகளுக்கு மாதந்தோறும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருப்பதால் பல வீடுகள் சாதாரணத்தோடு நின்றுவிடுகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சைகையைப் பெரிய திரையில் போட்டால் என்ன ஆகும்? 43 அங்குல அகலத்தில் 720 புள்ளிகளை நிரவினால் ஒவ்வொன்றும் 1.3 மி.மீ. பத்தடியில் கண்ணின் எல்லையான 0.9ஐத் தாண்டிவிட்டது. 55 அங்குலத்தில் 1.7 மி.மீ. போதாக்குறைக்கு, ஒரே பாதையில் நிறைய அலைவரிசைகளைத் திணிப்பதற்காகப் படத்தை நன்றாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். அதனால் முகங்களின் ஓரத்தில் கொசு மொய்ப்பது போன்ற ஒரு கலங்கலும் சேர்ந்துகொள்கிறது. சிறிய திரை இந்தக் குறைகளை மறைத்துவிடும். பெரிய திரையோ அவற்றையும் பெரிதாக்கிக் காட்டும்.

"ஏண்டா தம்பி, பழைய பெட்டியில ஆளு மூஞ்சி பளிச்சுன்னு தெரிஞ்சுதே, இது ஏன் மசமசன்னு இருக்குது?" என்று புதுப் பெட்டி வந்த வீட்டில் ஆயா கேட்பார். "போ ஆயா, உனக்குக் கண்ணு தெரியல" என்று பேரன் சிரிப்பான். கணக்கோ ஆயாவின் பக்கம் நிற்கிறது! 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வீடுதோறும் இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதன் படத்தின் அகலம் சுமார் 28 செ.மீ. அதில் 720 புள்ளிகளை அடக்கினால் ஒன்று 0.39 மி.மீ. பத்தடியில் குறை எதுவும் தெரிய வழியில்லை. அந்தப் பெட்டி அதிக நுணுக்கத்தைக் காட்டியதாகப் பொருளில்லை. உள்ளதைக் கண்ணின் எல்லைக்குள் அடக்கிக் காட்டியது, அவ்வளவே. சாதாரணச் சைகையை மட்டும் பார்க்கும் வீட்டில் 32 அங்குலத்தில் புள்ளி 0.98 மி.மீ. ஆகும். கண்ணின் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு 32 அங்குலம் போதும் என்று சொன்ன அப்பா, கணக்குப் போடாமலே சரியான விடையைச் சொல்லியிருக்கிறார்.

பெரிய திரைதான் வேண்டும் என்றால்? மாமாவின் ஆசையும் நியாயமானதே. கிரிக்கெட் பந்து எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். முதலில் எச்.டி. இணைப்புக்கு மாறுங்கள், பிறகு பெட்டியைப் பெரிதாக்குங்கள். 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் எச்.டி. சைகை வந்தால் ஒன்பதடியில் அதைவிடத் தெளிவாக ஒரு படம் உங்கள் கண்ணுக்குத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 43 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளில் பல இப்போது 4 கே ஆகவே தயாராகின்றன. மற்றக் குணங்கள் நன்றாக இருந்து, விலையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் 4 கே பெட்டியை வேண்டாம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. அந்த எழுத்துக்கென்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் வாதம்.

"நாளைக்கு எல்லாமே 4 கே ஆகிவிடும், இப்போதே வாங்கிவைத்தால் நல்லது" என்று கடையில் சொல்வார்கள். நாளை ஒளிபரப்பு மாறினாலும் உங்கள் கூடத்தின் நீளம் மாறப்போவதில்லை, கண்ணின் கூம்புச் செல்களும் பெருகப்போவதில்லை. 4 கே படங்கள் இன்று பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் வருகின்றன. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 4 கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகமும், ஃபுல் எச்.டி.க்கு 5 மெகாபிட் வேகமும் வேண்டும் என்கிறது. கணக்குப் போடுங்கள். நொடிக்கு 15 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜி.பி. ஃபுல் எச்.டி.க்கு 2.25 ஜி.பி. கைபேசியில் நாளுக்கு 2 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்து, அதிலிருந்து பெட்டிக்கு இணைப்புக் கொடுக்கும் வீட்டில் ஒரு மணி நேரத்துக்குள் அன்றைய டேட்டா முழுதும் தீர்ந்துவிடும். அப்புறம் உங்கள் வீட்டுப்பாடத்துக்கு என்ன மிஞ்சும்? கம்பிவழி அகன்ற அலைவரிசை உள்ள வீடு, ஆறடியில் உட்கார்ந்து 55 அங்குலத்தில் திரைப்படம் பார்க்கும் பழக்கம், இரண்டும் உங்களுக்கு இருந்தால் 4 கே பலன் தரும். உங்கள் கணக்கை நீங்களே போட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, புள்ளிகளைப் பார்க்க வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது? கடைக்குள் நுழைந்ததும் வரிசையாகப் பெட்டிகள் பளபளக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடும்: வெளிநாட்டு மலர்கள், வண்ணமீன்கள், பனிமலை. அது விளம்பரத்துக்கென்றே 4 கே தரத்தில் எடுக்கப்பட்ட படம். கடையின் கூச்சும் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தையும் பிரகாசத்தையும் மிகையாக ஏற்றி வைத்திருப்பார்கள். நீங்களோ மூன்றடி தூரத்தில் நிற்பீர்கள். மூன்றடியில் கண்ணின் எல்லை 0.27 மி.மீ.! அங்கே 4 கேயின் மேன்மை நன்றாகவே தெரியும், வீட்டில்தான் தெரியாது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, இதில் சாதாரண கேபிள் சேனல் ஒன்று போடுங்கள்." உங்கள் வீட்டில் தினமும் ஓடும் செய்தி அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். அடியில் ஓடும் எழுத்துகளையும் செய்தி வாசிப்பவரின் தலைமுடி ஓரத்தையும் கவனியுங்கள். பிறகு உங்கள் கூடத்தின் தூரத்துக்கு, அளவு நாடா சொல்லும் இடத்துக்குப் பின்னால் செல்லுங்கள். இரண்டு பெட்டிகளுக்குள் அங்கிருந்து வேறுபாடு தெரியவில்லை என்றால் உங்களுக்கு வேறுபாடு இல்லை. சில கடைகளில் கேபிள் இணைப்பே இருக்காது. வீட்டிலிருந்து பென் டிரைவில் சாதாரணத் தரக் காணொளி ஒன்றைக் கொண்டுபோகலாம்.

அடுத்து, கடையிலேயே தரையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை. நம் வீடுகளில் பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்து பார்க்கிறோம். பக்கவாட்டில் சமையலறை வாசலிலிருந்து அம்மா பார்க்கிறார். எல்.சி.டி. வகைத் திரைகளில் நீர்மப் படிகங்கள் ஒளியைத் திருப்பிவிடும் முறையால், நேரே பார்க்கும்போது இருக்கும் நிறம் சாய்ந்து பார்க்கும்போது வெளிறிவிடும். வி.ஏ. என்ற வகைத் திரையில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு மிக அதிகம். பெரும்பாலும் 3000க்கு 1, அதற்கு மேலும் இருக்கும். இருட்டுக் காட்சிகள் அழகாக இருக்கும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறும். ஐ.பி.எஸ். என்ற வகையில் பக்கப் பார்வை நன்று, கருமையோ சாம்பலாகத் தோன்றும். ஏறக்குறைய 1000க்கு 1. நான்கு பேர் நான்கு மூலையில் உட்காரும் கூடத்துக்கு இரண்டாவது வகை ஏற்றது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேரெதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு முதல் வகை. கண்ணின் அமைப்பையே எடுத்துக்கொண்டால், நுண்ணிய புள்ளிகளைக் காட்டிலும் ஒளி இருள் வேறுபாட்டுக்குத்தான் நாம் அதிகம் மயங்குகிறோம். இந்தக் குணத்தைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் யாரும் அச்சிடுவதில்லை.

ஒலியைப் பற்றிக் கேட்பாரும் குறைவு. பெட்டி மெலிந்ததோடு ஒலிபெருக்கியும் மெலிந்து, பின்புறமோ கீழ்ப்புறமோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. வசனம் புரியாமல் ஒலியைக் கூட்டுவதும், பாட்டு வந்ததும் ஓடிப்போய்க் குறைப்பதும் உங்கள் வீட்டிலும் நடக்கலாம். கடையிலேயே ஒரு உரையாடல் காட்சியைச் சிறிய ஒலியில் கேட்டுப் பாருங்கள். 4 கேக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் தனி ஒலிபெருக்கி ஒன்று வாங்கினால் ஆயா உங்களை வாழ்த்துவார்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டியின் மேல் நட்சத்திர முத்திரை இருக்கும். அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். எடுத்துக்காட்டாக, 50 வாட் பெட்டி நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 120 வாட் பெட்டியானால் 43 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அதில் 18ஐத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதா, 43ஐக் கொடுப்பதா என்பது உங்கள் வீட்டில் ஓடும் மின்விசிறிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

மலையடிவார ஊர்களுக்கு இன்னொரு கேள்வி முக்கியம். பெட்டி பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, அல்லது நீங்கள் சுமந்துகொண்டு போக வேண்டுமா? கள்ளக்குறிச்சியில் பழுதுபார்க்கும் நிலையம் உள்ள பெட்டிக்கும் சேலத்தில் மட்டும் உள்ள பெட்டிக்கும் விலையில் சிறு வேறுபாடு இருந்தாலும் முதலாவதே மலிவு. வெள்ளிமலைக்கு எடுத்துச் செல்பவர்கள் இதை இருமுறை கேட்க வேண்டும். திரை உடைந்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவதில்லை என்பதையும், திரையின் விலை பெட்டியின் விலையில் பெரும்பகுதி என்பதையும் பில் போடுமுன் தெரிந்துகொள்ளுங்கள். மலைப் பாதையில் கொண்டுபோகும்போது அட்டைப்பெட்டியைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே கொண்டு செல்லுங்கள். கோடை இடி வந்தால் மின்செருகியைப் பிடுங்குவதோடு டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மாடியில் நிற்கும் உலோகத் தட்டிலிருந்து கூடத்துக்குள் இறங்கும் செம்புக்கம்பி அது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கோடு வரைந்த தாளைச் சுவரிலிருந்து உடனே எடுத்துவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் நிறுத்தி, கோடுகள் ஒன்றாகத் தெரியும் தூரத்தை அளந்து வயதோடு சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் முப்பது பேர் இப்படிச் செய்தால் நூற்றுக்கு மேற்பட்ட அளவுகள் சேரும். கிடை அச்சில் வயது, நிலை அச்சில் தூரம் என்று வரைபடம் போடுங்கள். கூடவே, கூடத்தில் பெட்டிக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தையும், கேபிளா டிஷ்ஷா, சாதாரணமா எச்.டி.யா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடுகளுக்கு 4 கே பயன்படும் என்ற எண் அதிலிருந்தே வந்துவிடும். அந்த வரைபடத்தை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.